பாறை விளையில் தெச்சி

புதுக்கடை பக்கம் ரப்பரும் தென்னையும் பிடிக்காத மூலை ஒன்று அநேகமாக எல்லார் விளையிலும் கிடக்கும். மேலே அரை அடி செம்மண், கீழே வெட்டுகல் பாறை. உடைத்து விற்றுவிடலாமே என்பதுதான் இப்போ முதலில் வருகிற யோசனை. விற்றால் ஒரு தடவை காசு, பிறகு என்றைக்கும் பள்ளம். அதுக்கு முன்னால் தெச்சியை நினைத்துப் பாருங்கள்.

தொல்காப்பியர் குறிஞ்சிக்குப் புறனாகச் சொன்ன வெட்சி இந்தச் செடிதான் என்பார்கள். வெயிலும் பாறையும் இதுக்குப் புதுசு இல்லை. வருஷம் பூரா பச்சை நிற்கும். நர்சரிக் குட்டை ரகங்கள் பார்க்க அழகு. ஆனால் கோயிலுக்கும் மாலைக்கும் நாட்டுச் சிவப்புதான்.

ஜூன் மழை தொடங்கியதும், ரொம்ப முற்றாத கொம்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் களைந்து, நிழலில் பையில் ஊன்றுங்கள். வேர் பிடிக்க ஒன்றரை, இரண்டு மாசம் ஆகும். பாறை இடுக்கில் ஓரடிக் குழி போதும்; மேல்மண், இலைமக்கு, மட்கின சாணம் போட்டு, மூன்றடி இடைவெளியில் நடலாம். ஒரு குடம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வடியாமல் நின்றால் அந்தக் குழி வேண்டாம். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீரும் சருகு மூடாக்கும் கட்டாயம்.

இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சாணத்தை மேலும் மேலும் கொட்டாதீர்கள். நம்ம செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. சிமெண்ட் சுவர் ஓரத்திலும், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் கொட்டின இடத்திலும் மண்ணின் புளிப்புத் தன்மை குறைந்துபோகும். அப்போ இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. முடக்கி வைத்த கணக்கு மாதிரி. பணம் இருக்கும், எடுக்க விடமாட்டார்கள்! சாம்பலை நிறுத்தி, இலைமக்கைத் தொடர்ந்து போட்டால் புதுக்கொழுந்து பச்சையாக வரும். பழைய இலை தேறுவது சந்தேகம்.

பூ கொம்பு நுனியில்தான் வரும். அதனால் ஒரு கொத்து முடிந்ததும் அதுக்குக் கீழே இரண்டு கணு சேர்த்து வெட்டினால் கிளை கூடும், பூவும் கூடும். மொட்டு வந்த பிறகு கத்தரித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

எறும்பு ஏறினால் இலைக்கு அடியில் பாருங்கள். மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடிக்கலாம். ஒன்றிரண்டு செடியில் பூவைப் பறிக்காமல் விடுங்கள், பழம் கொண்டைக்குருவிக்கு.