கொசுவிலிருந்து குழாய்க்கு

அன்புள்ள மதுமிதா,

டெங்குக் கொசுவைப் படிக்கச் சேர்ந்தவள், இப்போது எந்தத் தெருவுக்கு என்றைக்குக் குடிதண்ணீர் வருகிறது என்று விசாரித்துக்கொண்டு அலைகிறேனே, கவனம் சிதறுகிறதா சித்தி என்று கேட்டிருந்தாய். ஜோசப் கோல்ட்பெர்கரைப் பற்றிச் சொல்கிறேன்.

1899-இல் அமெரிக்க அரசின் சுகாதாரப் பணியில் சேர்ந்தவர். முதல் பதினைந்து ஆண்டுகள் கிருமி, கொசு, பேன் என்றே ஓடின. மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் மூன்றும் அவரையே படுக்கப் போட்டுவிட்டுப் போயின. 1914-இல் தென் மாநிலங்களை வாட்டிய பெல்லாக்ராவை ஆராய அனுப்பினார்கள். தோல் கருகி, வயிறு போய், புத்தி பேதலிக்கும் நோய். தொற்று என்றே பலரும் நம்பினார்கள்.

மனநல விடுதிகளில் நோயாளிகளுக்கு அது இருந்தது. கூடவே இருந்த தாதியருக்கு இல்லை. கிருமி ஆள் பார்த்தா ஒட்டும்? அவர் தட்டைப் பார்த்தார். மக்காச்சோள மாவு, கரும்புப் பாகு, பன்றிக் கொழுப்பு. அநாதை இல்லங்களில் பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுக்கவைத்தார். நோய் ஏறக்குறைய நின்றேபோனது.

இதோடு விட்டிருந்தாலும் பேர் கிடைத்திருக்கும். ஆனால் விடுதிகளுக்கு வெளியே இருப்பவர்கள் ஏன் பாலும் இறைச்சியும் சாப்பிடவில்லை? இது மைக்ராஸ்கோப்பில் தெரிகிற விஷயமா! எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளாதார நிபுணரைச் சேர்த்துக்கொண்டு, 1916-இல் தென் கரோலினாவின் ஏழு பஞ்சாலை ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பதினைந்து நாளில் என்னென்ன மளிகை வாங்கினார்கள், எவ்வளவு வருமானம் என்று கணக்கெடுத்தார்கள். வருமானம் குறையக் குறைய நோய் கூடியது. கூலி மட்டும் காரணமில்லை. அக்கம்பக்கத்து விவசாயிகள் இறைச்சியும் காய்கறியும் கொண்டுவந்து விற்ற ஊரில் நோயே இல்லை. சுற்றிலும் பருத்தியே விளைந்த ஊரில் நிறைய. எனக்கு அவருடைய வேலையில் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான்.

பிறகு அவர் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பி, நாய்களை வைத்துச் சோதித்து, நோயைத் தடுக்க மலிவான ஈஸ்ட் போதும் என்று கண்டார். 1927 மிசிசிப்பி வெள்ளத்தில் ஈஸ்ட் நிவாரணப் பொருளானது. 1929-இல் இறந்தார், குறைந்த சத்து நியாசின் என்பது தெரிந்தது 1937-இல்.

அவர் எங்கே போனாலும் பெல்லாக்ராவை விடவில்லை பார். நீயும் டெங்குவை விடவில்லை. தண்ணீர் வராத தெருவில்தானே டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள், டிரம்மில்தானே அந்தக் கொசு முட்டையிடுகிறது? புழுக் கணக்கெடுக்கும் படிவத்திலேயே ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிடு. கைடு ஏன் என்று கேட்டால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டு.

அன்புடன்,
சித்தி