கரண்ட் போனாலும் நிற்காத வேலை: தென்சென்னைப் புறநகரில் வீட்டிலிருந்து மென்பொருள் பணி

2020 மார்ச் ஊரடங்கில் வீட்டு மேசைக்கு வந்த மென்பொருள் வேலை, தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பகுதிகளில் பலருக்கு வாரத்தில் சில நாட்களாவது அங்கேயே தொடர்கிறது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் கழிந்த நேரம் மிச்சம்தான். ஆனால் அலுவலக ஜெனரேட்டரும் நெட்வொர்க் குழுவும் கவனித்துக்கொண்டதை இனிப் பொறியாளரே கவனிக்க வேண்டும். அவர் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் எழுதி வைத்தால்தான் மற்றவருக்குத் தெரியும்.

முதலில் மின்சாரம். துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் மின்தடை பெரும்பாலும் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை இருக்கும். எந்தெந்தப் பகுதிகள் என்பது முன்கூட்டியே நாளிதழ்களில் வந்துவிடும். அதைப் பார்த்து அன்றைய மீட்டிங்குகளை மாற்றிக்கொள்ளலாம். அறிவிப்பில்லாமல் கரண்ட் போனால் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவை மையத்தின் 94987 94987 எண்ணில் புகார் செய்யலாம்.

பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டுமே போகிறது. ரவுட்டர் இருக்கும் பிளக் பாயிண்டையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதில் இணைப்பது அவசியம். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் நிலை இருந்தால் அதில் வைக்க வேண்டும். மின்சாரம் மாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து எழுவதை அது தடுக்கும். இன்வெர்ட்டர் இல்லாத வாடகை வீட்டுக்கு ரவுட்டருக்கான மினி யூபிஎஸ் போதும். வாங்கும்முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளை ஒப்பிட வேண்டும். ஃபைபர் இணைப்பில் வழியிலுள்ள பிரிப்பான்களுக்குப் பொதுவாக மின்சாரம் தேவையில்லை. அதனால் தெருவே இருண்டாலும், வீட்டு ரவுட்டருக்கும் நிறுவனத்தின் மையத்துக்கும் மின்சாரம் இருந்தால் இணையம் வரும்.

இரண்டாவது மாற்று இணைப்பு. பிராட்பேண்ட் தரும் நிறுவனத்தின் சிம்மையே ஹாட்ஸ்பாட்டுக்கும் நம்பினால் இரண்டும் ஒன்றாகப் படுக்க வாய்ப்புண்டு. வேறு நிறுவனத்தின் சிம் நல்லது. நிறுவன வி.பி.என். அந்த ஹாட்ஸ்பாட்டில் இயங்குகிறதா என்று சாதாரண நாளிலேயே சோதிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் இவற்றில் முக்கியம்: வேலை மடிக்கணினிக்குள் சிறைப்படக் கூடாது. முடிக்காத நிரலையும் தனிக் கிளையில் கமிட் செய்து, மதிய உணவுக்கு எழும்போதும் நாள் முடிவிலும் புஷ் செய்ய வேண்டும். புல் ரிக்வெஸ்டைச் சிறியதாக வைத்தால் ரிவ்யூ செய்பவர் அன்றே பார்த்து முடிக்கலாம். டிக்கெட்டில் நாள் முடிவில் மூன்று வரி போதும்: எது முடிந்தது, எது எதற்காக நிற்கிறது, அடுத்து என்ன. ‘லாகின் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. ‘டோக்கன் காலாவதியாகும்போது பிழை வருகிறது, டெஸ்ட் எழுதியாகிவிட்டது, திருத்தம் பாக்கி’ என்றிருந்தால் இன்னொருவர் அங்கிருந்தே தொடரலாம். போனில் பேசி எடுத்த முடிவையும் அதே டிக்கெட்டில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது வேலை நேரம். அமெரிக்கக் குழுவோடு வேலை செய்பவர் அழைப்புகளை நியூயார்க் நேரப்படி காலண்டரில் பதிவது நல்லது. அங்கே காலை 10 மணி என்பது கோடையில் இங்கே இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. மார்ச்சிலும் நவம்பரிலும் இந்த மாற்றம் வருகிறது. இரவு அழைப்பு உள்ள நாளில் காலை வேலையைத் தாமதமாகத் தொடங்குவது சோம்பலல்ல. அதை மேனேஜரிடம் முன்பே பேசி, வேலை நேரத்தைக் குழுவுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

கடைசியாக, வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் சிக்னலும் போனது. அத்தகைய நேரத்தில் வீட்டு ஏற்பாடு எதுவும் கைகொடுக்காது. எனவே அக்டோபர் தொடங்கும்முன்பே, அவசர வேலையை எடுத்துக்கொள்ள வேறு ஊரில் இருக்கும் ஒருவரைக் குழு முடிவு செய்து, அவருக்கு வேண்டிய அனுமதிகளை வழங்கிவிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் பவர் பேங்க், மடிக்கணினி இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்து, நிரலைப் புஷ் செய்து, தொடர்பு அறுந்தால் யார் பொறுப்பேற்பார் என்று குழுவில் எழுதிவிட வேண்டும். தரைத்தளத்தில் குடியிருப்பவர் மடிக்கணினியையும் யூபிஎஸ்ஸையும் பரண்மேல் ஏற்றிவிடுவது நல்லது.