சுண்டலில் கோதுமை உண்டா?

(அறிவியல் பகுதி – எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)

இந்த மாதம் நான் எடுத்துக்கொண்ட கேள்வி மேலே இருக்கிறது. படித்ததும் சிரிப்பு வரும். சுண்டல்ல பயறுதானே இருக்கும், கோதுமை எங்கிருந்து வந்துச்சு என்று கேட்பீர்கள். என் சித்தி வீட்டில் இதற்குப் பதில் தெரிய நான்கு மாதம் ஆனது. அதனால் முழுசா படியுங்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒரு வகைப் புரதத்திற்குக் குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாஸ்டர் மைதா மாவை வீசி வீசி அடிக்கும்போது அது கிழியாமல் துணி மாதிரி விரிகிறது அல்லவா, அதற்குக் காரணம் இதுதான். அரிசி மாவை அப்படி வீசினால் பொலபொலன்னு உதிர்ந்துவிடும், அதில் குளூட்டன் இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசையுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகும், அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிப் பிசைந்தால் கடைசியில் கையில் சூயிங்கம் மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும். இழுத்தால் இழுபடும். அதுதான் குளூட்டன். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுக்கும்போதும் சக்கையில் இந்தப் பசை மிஞ்சும். ஆனால் கொஞ்சம் பாலோடும் வந்துவிடும்.

நமக்கெல்லாம் குளூட்டன் ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் சீலியாக் நோய் என்று ஒன்று உண்டு. அவர்கள் குளூட்டன் சாப்பிட்டால் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சிறுகுடலின் உள்பக்கம் குடலுறிஞ்சிகள் இருக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். டர்க்கி டவலில் நூல் நூலாக நிற்குமே, அது மாதிரி. இந்த நோயில் அவை தேய்ந்து வழவழப்பாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் சத்து உள்ளே போகாது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், இரத்தசோகை வரும், பிள்ளைகள் வளராது. இதற்கு மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து.

இதைக் கண்டுபிடித்த கதை கேட்டால் மனசு கஷ்டமாக இருக்கும். நெதர்லாந்து நாட்டில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். 1944–45 குளிர்காலத்தில், இரண்டாம் உலகப் போரின்போது, அங்கே பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. மற்றவர்கள் பட்டினியில் வாடும்போது சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். மறுபடி ரொட்டி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். கோதுமைதான் காரணம் என்று அவர் 1950-ல் தன் ஆய்வில் எழுதினார். அதற்கு முன்னால் அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்து வைத்தியம் பார்த்தார்களாம். பழம் குணமாக்கவில்லை, ரொட்டியை நிறுத்தியதுதான் குணமாக்கியது!

நம்ம பக்கம் இந்த நோய் குறைவு. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூறு பேரில் ஒருவருக்கு இருந்தது. தெற்கே பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான். வடக்கே ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை 455 கிராம், தெற்கே 25 கிராம் என்றும் அதில் இருக்கிறது. குறைவு என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஒருத்தர் நம்ம வீட்டில் இருந்தால்? கடைக்காரருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்கும் தெரியாது, "ஒரு சப்பாத்தி தின்னா என்ன ஆயிரும்"பாங்க.

என் சித்தி மகனுக்கு ஆறு வயசு. ஒன்றாம் வகுப்பு. டாக்டர் இரத்தம் சோதித்து, குழாய் விட்டும் பார்த்து, சீலியாக் என்று சொல்லிவிட்டார். (ஒரு முக்கியமான விஷயம்: சந்தேகம் இருந்தால் சோதனைக்கு முன்னாலேயே கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சோதனையில் தெரியாமல் போகலாம்.) அன்றைக்கே வீட்டில் சப்பாத்தி, பூரி, ரவை, சேமியா, பிஸ்கட், பரோட்டா எல்லாம் நின்றுவிட்டன. பள்ளியில் காலை உணவாக ரவை உப்புமாவோ சேமியா கிச்சடியோ போடும் நாட்களில் சித்தி இட்லி கொடுத்துவிடுவாங்க. அரிசியும் உளுந்தும்தானே, பயமில்லை. உளுந்தங்களி, கம்பங்கூழ், கேப்பை, சோளம் எதிலும் குளூட்டன் கிடையாது. கோமதி அம்மனுக்கு ஏற்றும் மாவிளக்கு பச்சரிசி மாவு, அதுவும் கிடையாது.

பயறுகளிலும் கிடையாது. தட்டப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு எல்லாமே அவரை இனம், அவற்றின் புரதம் வேறு. மெக்சிகோ நாட்டில் ரீஃப்ரைடு பீன்ஸ் என்று ஒன்று உண்டு. நாம் பயறு கடைவது போலத்தான், வேகவைத்த பீன்ஸ் கொட்டையை மசித்துக் கொழுப்பில் வதக்குவது. அதையும் இவர்கள் சாப்பிடலாம். ஆனால் டப்பாவில் அடைத்து விற்பதில் சிலவற்றில் கெட்டியாக இருக்க கோதுமை மாவு சேர்ப்பதுண்டு. தொட்டுக்கொள்ளும் ரொட்டி மக்காச்சோளமா கோதுமையா என்றும் பார்க்க வேண்டும். பீன்ஸ் மேல் குற்றமில்லை, கூட வருவதுதான் ஆபத்து.

நம்ம சுண்டலிலும் இதே கதைதான். இவ்வளவு பத்தியம் இருந்தும் பையனுக்குச் சரியாக ஆகவில்லை. நான்கு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் உணவு பற்றிச் சொல்லும் அக்கா ஒருவர் "தாளிக்கும்போது என்னென்ன போடுறீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாங்க. கடுகு, உளுந்து, வத்தல், கறிவேப்பிலை, பெருங்காயம். பெருங்காயம் என்றதும் "டப்பாவைப் படிச்சீங்களா?" என்றாங்க. யாரும் படிக்கவில்லை.

பெருங்காயம் என்பது ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளில் வளரும் ஒரு செடியின் வேர்ப் பகுதியைக் கீறி எடுக்கும் பால். நம் நாட்டில் 2020 அக்டோபரில்தான் இமாச்சலப் பிரதேசத்தில் லாகௌல் பள்ளத்தாக்கில் முதல்முறையாக நட்டிருக்கிறார்கள். சுத்தமான பெருங்காயம் பிசுபிசுன்னு ஒட்டும், நெடியும் தாங்காது. அதனால் கருவேலம் பிசின் மாதிரியான பிசினும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். டப்பாவில் ஆங்கிலத்தில் 'காம்பவுண்டட்' என்று இருக்கும், கலந்து செய்தது என்று அர்த்தம். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. சிலர் அரிசி மாவு சேர்க்கிறார்கள். கட்டிப் பெருங்காயம் சுத்தமானது என்று நினைக்காதீர்கள், அதிலும் மாவு இருக்கும்.

ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோராயக் கணக்குதான். நாலு பேருக்கு வைக்கும் சாம்பாரில் 1 கிராம் பெருங்காயம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி மைதா என்றால் 500 மில்லிகிராம். மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று எடுத்தால் 50 மில்லிகிராம். ஆளுக்கு 12 மில்லிகிராம் சொச்சம். சாம்பார், ரசம், கூட்டு, சாயங்காலம் சுண்டல் என்று நாலிலும் போட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50. தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் சாப்பிட்டாலே சீலியாக் உள்ளவரின் குடல் கெடும் என்று 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதாவது ஒரு நாள் கோயில் சுண்டல் அல்ல, தினமும் தெரியாமல் போவதுதான் கெடுதல்.

இதைச் சொன்னதும் எங்க ஆச்சிக்குக் கோபம். "ஏட்டி, காயம் போடாம பயறு தின்னா வாய்வு பிடிக்கும்ட்டி" என்றாங்க. வாய்வு உண்மைதான், ஆனால் அதற்கும் குளூட்டனுக்கும் சம்பந்தமில்லை. பயறில் உள்ள ஒரு வகைச் சர்க்கரை நம் குடலில் செரிக்காது, பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயு உண்டாக்கும். பயறை ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் குறையும். இப்போது சித்தி அப்படித்தான் செய்றாங்க. பெருங்காயத்துக்குப் பதில் சீரகமும் தட்டின பூண்டும் போடுறாங்க. ருசி வேறதான், ஆனா மோசமில்லை. ஆச்சியும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க.

இன்னொன்று மாவு மில். கோதுமை திரித்த மிசினிலேயே அடுத்து நம்ம கேப்பையைப் போட்டால் அதில் கோதுமை மாவு ஒட்டிக்கொண்டு வரும். சித்தி இப்போது வீட்டு மிக்ஸியில்தான் திரிக்கிறாங்க. கடையில் வாங்கும் பஜ்ஜி மாவு, சத்துமாவு, மால்ட் கலந்த பானப் பொடிகள் (மால்ட் என்பது பார்லி) இவற்றையும் படித்துத்தான் வாங்க வேண்டும். குளூட்டன் இல்லை என்று அச்சடிக்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவைப் படித்து, மைதாவா, கோதுமையா, அரிசியா என்று கம்பெனி பெயரோடு அதில் எழுதுங்கள். எழுத்து ரொம்பப் பொடிசாக இருக்கும், வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அரிசி மாவு கலந்தது எந்தக் கடையில் கிடைக்கிறது என்றும் சேர்த்து எழுதினால் சித்தியிடம் சொல்ல வசதியாக இருக்கும்.