வாசலில் வசூல்காரர், வீட்டில் ஒன்றுமில்லை: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, மாதம் பிறந்து ஐந்து தேதி தாண்டினால் போதும், மந்தைவெளிச் சந்துகளிலும் நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தத்துக்கே வயிறு கலங்குகிற வீடுகள் எத்தனையோ. ரங்கநாதன் தெருவில் சேல்ஸ் வேலை, பெசன்ட் நகரில் இரண்டு வீட்டுச் சமையல், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் பூ வியாபாரம் என்று எது செய்தாலும், வருவது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடுகிறது. நடுவில் குழு லோன் டியூ, போன் வாங்கிய டியூ, ஆப் லோன், அவசரத்துக்கு வாங்கிய தண்டல்.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுக்க முடியாத மாதத்தில் உன்னை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. சொத்து இல்லாதவரிடம் சட்டப்படி எடுக்கக்கூடியது மிகக் குறைவு. அதனால்தான் வசூலுக்கு வருகிறவர்கள் உன் மானத்தைக் குறிவைக்கிறார்கள். பயத்தில் நீயாக நீட்டுகிற கையெழுத்தும், செக்கும், ரேஷன் கார்டும், புதுக்கடனும்தான் உன்னை மூழ்கடிக்கும். பயத்தில் எதையும் கொடுக்காதே. கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. கடன்களைப் பிரித்து எழுது

ஒரு நோட்டில் ஒவ்வொரு கடனையும் எழுது: யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதி, இதுவரை கட்டியது எவ்வளவு, பக்கத்தில் யார் கையெழுத்து. அடகு வைத்த நகை, டியூவில் வாங்கிய வண்டி இரண்டும் தனி ரகம். கட்டாவிட்டால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து நகையை ஏலம் விடலாம், வண்டியை எடுக்கலாம். குழு லோன், பர்சனல் லோன், கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவற்றுக்கு அடமானம் கிடையாது. உன் வீட்டில் உள்ள எதையும் அவர்கள் நேரடியாக எடுக்க முடியாது.

புருஷன் வாங்கிய கடனில் நீ கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடவில்லை என்றால், அது உன் கடன் இல்லை. ஜாமீன் போட்டிருந்தால் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு உனக்கும் உண்டு. கடன் வாங்கியவர் இறந்துபோனால், அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு.

2. கோர்ட்டே கை வைக்க முடியாதவை

"டிவியைத் தூக்கிடுவோம், பாத்திரத்தை ரோட்டில் வீசிடுவோம்" என்று ஏஜெண்ட் சொன்னால் நடுங்காதே. கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, ஜப்தி உத்தரவோடு கோர்ட் அமீனா வந்தால்தான் ஒரு பொருளைத் தொடலாம். அந்த அமீனாவும் சூரியன் அஸ்தமித்தபின் வீட்டுக்குள் நுழையக் கூடாது.

அப்படி வந்தாலும் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி, கைத்தொழில் செய்கிறவரின் கருவிகள், பி.எஃப். பணம். வீட்டு வேலை செய்கிறவர்களின் கூலியும் தொழிலாளியின் கூலியும் முழுக்கப் பாதுகாக்கப்பட்டவை. மாதச் சம்பளம் என்றால் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 15,000 சம்பளத்தில் அதிகபட்சம் சுமார் 4,666 ரூபாய்தான் பிடிக்கலாம். அதுவும் கோர்ட் உத்தரவின் பேரில், ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதங்கள் வரைதான்.

3. "போலீஸ் வரும், ஜெயில்தான்" என்றால்

டியூ கட்டாதது கிரிமினல் குற்றம் இல்லை, சிவில் விவகாரம். பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவே கூடாது என்று அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்கிறது. ஆண்கள் விஷயத்திலும், வசதி இருந்தும் ஏமாற்றுகிறவரை மட்டுமே சிறைக்கு அனுப்பலாம்; வெறும் இல்லாமைக்காக யாரையும் அடைக்கக் கூடாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது செக். செக் பவுன்ஸ் ஆனால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்காகும். இரண்டு வருடம் வரை தண்டனை கிடைக்கலாம். அக்கவுண்டிலிருந்து தானாகப் பிடிக்க நீ கொடுத்த அனுமதி பவுன்ஸ் ஆனாலும் வழக்குப் போட இடமுண்டு. செக் பவுன்ஸ் நோட்டீஸ் கைக்கு வந்தால் 15 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். அந்தக் கவரை மட்டும் பிரிக்காமல் வைக்காதே.

4. வாசலில் வந்து நின்றால்

ஒண்டிக் குடித்தனங்களில் இது எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும். ஏஜெண்ட் உள்ளே வரமாட்டார். கேட்டருகே நின்று, ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தி, உன் பேரையும் தொகையையும் சொல்லுவார். உன் பதற்றம்தான் அவருக்கு வேண்டும்.

வீட்டுக்குள் கூப்பிடாதே. வாசலிலேயே நின்று, தாழ்ந்த குரலில் இதை மட்டும் சொல்: "உங்க ஐடி கார்டு காட்டுங்க. கம்பெனி கொடுத்த லெட்டரைக் காட்டுங்க. போட்டோ எடுத்துக்கறேன். இப்போ என்கிட்ட பணம் இல்ல. எவ்வளவு முடியும்னு கம்பெனிக்கு எழுதியிருக்கேன்." திரும்பத் திரும்பக் கேட்டாலும் இதே ஐந்து வரிதான். அழவோ சத்தம் போடவோ வேண்டாம், "நாளைக்கு நிச்சயம்" என்று பொய் வாக்கும் வேண்டாம்.

வங்கியின் வசூல் ஏஜெண்ட் அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடனை வசூலிக்க அடியாட்களை அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2007-லேயே வங்கிகளைக் கண்டித்திருக்கிறது.

குழு லோனுக்கு இன்னும் கறாரான விதி உண்டு. மீட்டிங்குக்குத் தொடர்ந்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ ஆள் வரலாம். "இவ கட்டினாத்தான் எல்லாரும் எழுந்து போகலாம்" என்று மற்றப் பெண்களை உட்கார வைத்து உன்னைக் குறுக வைக்கிறார்களே, பொது இடத்தில் அப்படி அவமானப்படுத்துவதற்குத் தடை இருக்கிறது.

5. போனுக்கு நேரம் உண்டு

பாக்கிக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. குழு லோன் போன்ற மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டுவது, அசிங்கமாகப் பேசுவது, சொந்தக்காரர்களையும் சிநேகிதிகளையும் தொந்தரவு செய்வது எல்லாமே தப்பு. போன் பேச்சை ரெக்கார்ட் செய். தேதி, நேரம், நம்பர், பேசினது என்ன என்று அதே நோட்டில் எழுது. வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலை ஆத்திரத்தில் டெலிட் செய்துவிடாதே. அதுதான் உன் சாட்சி.

6. நீயே முதலில் சொல்லிவிடு

கடைக்குப் போன் செய்து சூப்பர்வைசரிடம் சொல்வோம், ஹவுஸ் ஓனரிடம் சொல்வோம் என்பதுதான் அவர்களின் பெரிய மிரட்டல். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிடு. "எனக்கு ஒரு லோன் பாக்கி இருக்கு, பேசி முடிச்சிட்டிருக்கேன், யாராவது கூப்பிட்டா என் நம்பரை மட்டும் கொடுங்க" என்று ஒரே வாக்கியம். தெரிந்துவிட்ட விஷயத்தை வைத்து யாரும் மிரட்ட முடியாது. வீட்டில் புருஷனிடமோ அம்மாவிடமோ மறைத்து வைத்திருந்தால் அதையும் இன்றைக்கே சொல்.

7. கையை விட்டுப் போகக் கூடாதவை

ரேஷன் கார்டு, ஆதார் ஒரிஜினல், ஏடிஎம் கார்டு, பின் நம்பர், வெற்று செக், வெற்றுப் பத்திரம்: எதையும் கொடுக்காதே. 2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் வலுக்கட்டாயக் கடன் வசூலைத் தடுக்க ஒரு சட்டம் நிறைவேற்றியது. அரசு உதவி பெறுவதற்கான ஆவணங்களையும் வீட்டுப் பொருட்களையும் பறிப்பது அதன்படி குற்றம். தண்டனை மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

கடைசித் தவணை கட்டி மூன்று வருடம் தாண்டிய பழைய கடனா? பெரும்பாலும் வழக்குப் போடும் காலக்கெடு முடிந்திருக்கும். "ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, ஐநூறு மட்டும் கட்டுங்க" என்று வருவார்கள். வக்கீலைக் கேட்காமல் இரண்டையும் செய்யாதே.

8. கட்டும் வரிசையை நீ முடிவு செய்

வாடகை, அரிசி, கரன்ட் பில், மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை முதலில் எடுத்து வை. பிறகு மிஞ்சுவதைக் கடன்காரர்களுக்குப் பிரி. 500 ரூபாய்தான் முடியுமா, 500 என்றே கம்பெனிக்கு மெயிலிலோ ரிஜிஸ்டர் தபாலிலோ எழுது. ஒரு டியூவைக் கட்ட இன்னொரு கடன் மட்டும் வாங்காதே.

கடன் வாங்கிய வங்கியிலேயே உன் சம்பளமும் விழுந்தால், பாக்கிக்கு எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்று. மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் முதல்முறை வந்தபோதே சில வங்கிகள் அந்த ஆயிரத்தைப் பழைய கட்டணங்களுக்குப் பிடித்துக்கொண்டன. நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டிக்க வேண்டி வந்தது.

செட்டில்மெண்ட் என்றால் கம்பெனி லெட்டர் கைக்கு வந்த பிறகே பணம். ஏஜெண்டின் சொந்த ஜீபே நம்பருக்கு ஒரு ரூபாயும் போடாதே. முடிந்ததும் நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்கு. குறைத்து முடித்தால் சிபிலில் "செட்டில்டு" என்று பதிவாகும். அதையும் தெரிந்தே முடிவெடு.

9. தண்டலும் ஆப் லோனும்

பத்தாயிரம் தண்டல் என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். பார்க்கச் சின்னதாகத் தெரியும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருட வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாமே 2003-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கட்டிய கணக்கை எழுதி வைத்துக்கொண்டு போலீஸுக்குப் போ.

லோன் ஆப் உன் கான்டாக்ட் லிஸ்டையும் போட்டோக்களையும் எடுக்கக் கூடாது. போட்டோவை மார்ஃபிங் செய்து மிரட்டினால் பணம் அனுப்பாதே. உடனே 1930-க்குக் கூப்பிடு. ஒரு தடவை அனுப்பினால் திரும்பவும் கேட்பார்கள்.

10. கோர்ட் பேப்பர் வந்தால் ஓடிப் போய்ப் பார்

வாட்ஸ்அப்பில் சிவப்பு முத்திரையோடு வருகிற "வாரண்ட்" பெரும்பாலும் மிரட்டல். கோர்ட் ஊழியர் கையிலோ ரிஜிஸ்டர் தபாலிலோ வரும் சம்மனை அலட்சியம் செய்யாதே. நீ போகாவிட்டால் உன் பக்கம் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். ஆர்பிட்ரேஷன் நோட்டீஸுக்கும் இதே கதைதான். வக்கீலுக்குக் காசில்லையே என்று யோசிக்காதே. 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ, அல்லது 15100-க்குக் கூப்பிடு. லோக் அதாலத்தில் பேசி முடித்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

11. புகார் போகும் வழி

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடு. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், போன் 14448. கட்டணம் கிடையாது. வீட்டுக்குள் நுழைந்தாலோ, கை வைத்தாலோ, அசிங்கமாகப் பேசினாலோ 30 நாள் காத்திருக்காதே. 100-க்குக் கூப்பிடு, மகளிர் உதவிக்கு 181. பக்கத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கு.

12. உயிர் எந்தக் கடனையும் விடப் பெரியது

2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் மறக்கக் கூடாது. மனசு அந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த நிமிஷமே யாரிடமாவது பேசு. ஆர்.ஏ.புரத்தில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பு இருக்கிறது: 044-24640050. அரசின் 104 இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஒருத்தி திடீரென்று பேச்சைக் குறைத்து, மீட்டிங் நாளில் கதவைப் பூட்டிக்கொண்டால், நீ போய்த் தட்டு.

இந்த வாரமே மூன்று வேலையை முடித்துவிடு: நோட்டில் கணக்கை எழுது, கம்பெனிக்கு லெட்டர் போடு, வீட்டிலும் வேலையிடத்திலும் ஒருவரிடமாவது சொல்லிவை. அடுத்த முறை கேட்டில் குரல் உயரும்போது, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர்தான் நிற்பார். கடனை முடிந்தபடி கட்டு. மரியாதையை மட்டும் யாருக்கும் தவணையில்கூடக் கொடுக்காதே.