நீளத்தை அளக்காதீர்கள்: ஸ்பானிய இம்பெர்ஃபெக்தோ

நம்பிக்கை: ஸ்பானிய வினை என்றாலே விதிவிலக்குகள்தான்.

உண்மை: பிரெத்தேரித்தோ என்ற இறந்தகாலத்தைப் பார்த்துப் பயந்தால் நியாயம். இன்னொரு இறந்தகாலமான இம்பெர்ஃபெக்தோ பரம சாது. 'ஆர்' என முடியும் வினைகளுக்கு 'ஆபா' வரிசை. பேசுவதற்கான அப்லார், ஆள் மாற மாற அப்லாபா, அப்லாபாஸ், அப்லாபா, அப்லாபாமோஸ், அப்லாபாய்ஸ், அப்லாபான் என்று போகும். 'ஏர்', 'ஈர்' இரண்டுக்கும் ஒரே 'ஈயா' வரிசை: கொமேர் (சாப்பிடு) கொமீயா, பிவீர் (வாழ்) பிவீயா. நிகழ்காலத்தில் துயெர்மோ என்று உருமாறுகிற தொர்மீர்கூட (தூங்கு) இங்கே ஒழுங்காகத் தொர்மீயா ஆகிவிடுகிறது. அடங்காத வினைகள் 3 மட்டுமே: செர் (இரு), இர் (போ), பெர் (பார்). நானும் அப்லாபா, அவனும் அப்லாபா என்பதால், குழப்பம் வரும் இடத்தில் யோ, எல் என்று ஆளைச் சொல்லிவிட்டால் போதும்.

நம்பிக்கை: நெடுநாள் நடந்ததற்கு இம்பெர்ஃபெக்தோ, சட்டென முடிந்ததற்குப் பிரெத்தேரித்தோ.

உண்மை: எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டாரோ! 'பத்து வருடம் வாழ்ந்தேன்' என்பதற்குப் 'பிவீ தியெஸ் ஆஞோஸ்' என்பார்கள். பத்து வருடமானாலும் கணக்கு முடிந்துவிட்டது, ஆகவே பிரெத்தேரித்தோ. 'அப்போது மணி மூன்று' என்பதற்கோ 'எரான் லாஸ் த்ரேஸ்', இம்பெர்ஃபெக்தோ. செயலை முடிந்த ஒன்றாக வெளியிலிருந்து பார்க்கிறோமா, நடந்துகொண்டிருக்கையில் உள்ளே நின்று பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. வெனிசுவேலாவில் பிறந்த அந்த்ரேஸ் பெய்யோ 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் இம்பெர்ஃபெக்தோவைக் கோப்ரெத்தேரித்தோ, அதாவது உடனிகழ் இறந்தகாலம் என்றார். வேறொரு பழைய செயல் நடந்தபோது கூடவே இருந்தது என்று பொருள். மெக்சிகோவில் இன்றும் புழங்கும் அந்தப் பெயரே என் கணக்கில் பொருத்தம்.

நம்பிக்கை: தமிழில் 'கொண்டிருந்தேன்' வந்தால் இம்பெர்ஃபெக்தோ. அவ்வளவுதான்.

உண்மை: பாதிதான் சரி. 'அந்தக் காலத்தில் தாத்தா தினமும் ஆற்றில் குளிப்பார்' என்கிறோமே, அந்தக் 'குளிப்பார்' பார்வைக்கு எதிர்காலம், பொருளில் பழைய வழக்கம். ஸ்பானியத்தில் அது 'சே பாஞாபா', அசல் இம்பெர்ஃபெக்தோ. தமிழர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

நம்பிக்கை: இறந்தகாலத்துக்கு மட்டுமே பயன்படும்.

உண்மை: காப்பிக்கடையில் 'கெரீயா உன் கஃபே' என்றால் இப்போது ஒரு காப்பி வேண்டும் என்று பணிவாகக் கேட்பது. விளையாட்டில் நம் பிள்ளைகள் 'நான் ராஜாவாம், நீ திருடனாம்' என்று பாத்திரம் பிரிக்கும்போது அந்த 'ஆம்' செய்கிற வேலையை, ஸ்பெயின் பிள்ளைகளுக்கு 'யோ எரா எல் ரெய்' என்று இம்பெர்ஃபெக்தோவே செய்துகொடுக்கிறது.