கருத்தா, நோக்கமா? – குற்றவியல் சட்டச் சொற்கள் சில

2014ஆம் ஆண்டு. சட்டத்துறையில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீடு திரும்பிய மறுநாள் காலை, பக்கத்து வரிசை வீட்டு அக்கா தமிழ் நாளேட்டை மடித்துப் பிடித்தபடி வந்து நின்றார். சாப்பாட்டுக் கடை முன்பு நடந்த தகராறில் அவர் மகன் ஒருவரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். விழுந்தவரின் தலை கால்வாய் விளிம்பில் அடிபட்டது, மருத்துவமனையில் இறந்துவிட்டார். ‘கொலையாளி கைது’ என்று செய்தி. 302ஆவது பிரிவின் கீழ் விசாரணையாம்.

“சட்டம் படிக்கிறியே தம்பி, எம் பையன் கொலைகாரனா?”

அப்போது 302 என்றால் கட்டாயத் தூக்கு. எனக்கு விடை தெரியும்; ஆங்கிலத்தில் தெரியும், மலாயிலும் சொல்லிவிடுவேன். தமிழில் சொல் வரவில்லை. “இன்னும் முடிவாகலக்கா” என்று மழுப்பினேன். பேரவைக் கூட்டங்களில் தமிழுக்காக மேசையைத் தட்டியவன்தான் நான். அடுத்த இரண்டு வாரங்களில் வெட்கத்தோடு தேடிச் சேர்த்த சொற்களையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

302 என்ற எண் நம்மில் பலருக்குச் சினிமா வழியாகவே அறிமுகம். மெக்காலே தலைமையில் 1837இல் வரையப்பட்டு, 1860இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தை ஒட்டியே 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதனால்தான் இரு நாட்டிலும் ஒரே எண்கள். ஏமாற்றுக்காரனை ‘நானூத்தி இருபது’ என்று திட்டினால் அங்கும் பொருந்தும், இங்கும் பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் இந்தியா புதிய சட்டத்துக்கு மாறிவிட்டது. அங்கே கொலைக்குத் தண்டனை கூறும் பிரிவு இப்போது 103. நமக்கு 302 இன்னும் 302தான்.

முதலில் ஆளைக் குறிக்கும் சொற்கள். கைதானவர் சந்தேக நபர். கைதான 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி. கொலை போன்ற கடுங்குற்றமாயின் முதலில் அதிகபட்சம் 7 நாள், பிறகு மேலும் 7 நாள் தடுப்புக் காவலுக்கு அனுமதி பெறலாம். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட பிறகே அவர் குற்றம் சாட்டப்பட்டவர். தீர்ப்பு அப்படி அமைந்தால் மட்டுமே குற்றவாளி. நாளேட்டின் ‘கொலையாளி’ இவை அத்தனையையும் ஒரே தாவலில் தாண்டிவிட்டது.

‘எதிர்வாதம் புரிய உத்தரவு’ என்ற செய்தியைப் படித்ததும் பாதி குற்றவாளி ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அரசுத்தரப்பு முகாந்திரத்தை நிறுவியிருக்கிறது என்பதே அதன் பொருள். முடிவில் நியாயமான சந்தேகம் எஞ்சினால் விடுதலைதான்.

இனிச் சிக்கலான இடம். பொதுவாகக் குற்றத்துக்குச் செயல், மனநிலை என இரண்டும் வேண்டும். மனநிலையைக் குறிக்க நாம் எல்லாவற்றுக்கும் ‘நோக்கம்’ என்றே சொல்லிவிடுகிறோம். சட்டத் தமிழில் இரு சொற்கள் தேவை. “ஏன் செய்தாய்?” என்பதற்கான விடை நோக்கம். “என்ன விளைய வேண்டும் என்று செய்தாய்?” என்பதற்கான விடை உட்கருத்து. நோயில் துடிக்கும் தந்தைக்கு இரக்கப்பட்டு மகன் நஞ்சு கொடுத்தால், நோக்கம் இரக்கம், கருத்து மரணம். கொலையா என்று தீர்மானிப்பது கருத்து. நோக்கம் சாட்சியத்துக்கு உதவலாம். அரசுத்தரப்பு அதை நிரூபித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

“கொல்லணும்னு நினைக்கல” என்றால் தப்பிவிடலாமா? முடியாது. இயல்பாகவே மரணம் விளைவிக்கப் போதுமான காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினாலும் 300ஆவது பிரிவின்படி அது கொலை. 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த விர்சா சிங் வழக்கில் வயிற்றில் ஒரே ஓர் ஈட்டிக் குத்து. அந்தக் காயத்தை ஏற்படுத்தும் கருத்து இருந்ததா என்பதே கேள்வி. அது மரணம் விளைவிக்கும் என்று அவர் எண்ணினாரா என்பதல்ல. நம் நீதிமன்றங்களும் இவ்வழக்கை மேற்கோள் காட்டுகின்றன. சண்டைக்குப் போகும்போது ‘சும்மா மிரட்ட’ என்று பாராங்கத்தியை எடுத்துச் செல்லும் தம்பிகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்தது 304. இதை ‘நோக்கமில்லாக் கொலை’ என்பது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. 304இன் முதற்பகுதியில் கருத்து உண்டு. கடுமையான திடீர்ச் சினமூட்டல், திடீர்ச் சண்டை போன்ற விதிவிலக்குகளால் கொலைக்குற்றம் ஒருபடி இறங்கி இங்கே வருவதுண்டு; 30 ஆண்டு வரை சிறை. இரண்டாம் பகுதியில்தான் கருத்து இல்லை, அறிவு மட்டும்: செய்தால் சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்வது; 10 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ என்பது நீளமான பெயர்தான். ஆனால் பொய் சொல்லாத பெயர்.

அதற்கும் கீழே 304ஏ. கவனக்குறைவாலோ அசட்டுத் துணிச்சலாலோ நேரும் மரணம். 2 ஆண்டு வரை. 302க்கோ 2023 ஜூலை 4 முதல் தூக்கு கட்டாயமில்லை; தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு வரை சிறை, குறைந்தது 12 பிரம்படி. எண்ணில் அருகருகே இருக்கும் பிரிவுகளுக்கு இடையே ஓர் ஆயுளே கிடக்கிறது.

அக்கா மகனோடு அவன் நண்பர்கள் இருவரையும் பிடித்துச் சென்றிருந்தார்கள். 34ஆவது பிரிவு, பொதுக்கருத்து. கூட நின்றது மட்டும் போதாது. ஒரே கருத்தோடு செயலில் பங்கும் இருக்க வேண்டும். இருவரும் பிறகு விடுவிக்கப்பட்டார்கள்.

பதினான்காம் நாள் நீதிமன்றத்துக்கு அக்காவோடு நானும் போனேன். குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்பட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

“302 போட்டாங்களா?”

“இல்லக்கா. 304, ரெண்டாவது பகுதி. சாகணும்னு நினைச்சுத் தள்ளல. ஆனா தள்ளினா செத்துப்போகலாம்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு சொல்றாங்க. அதை அவங்கதான் நிரூபிக்கணும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அவனுக்குத் தெரிஞ்சிருக்காது தம்பி” என்றார்.

அவனுடைய வழக்கறிஞர் வாதாட இருந்ததும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.