மக்கடாமியா மரத்தின் பட்டைப்புண் நோய்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

வகைப்பாட்டியல் என்றாலே வெறும் மனப்பாடம் என்று நம்மில் பலர் சலித்துக்கொள்கிறோம். அந்தப் பாடம் ஒரு மரத்தின் உயிரையே காக்கக் கூடும் என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

மக்கடாமியாவின் தாயகம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக் காடுகள். சுவைமிக்க பருப்புக்காக இன்று ஹவாய், தென்னாப்பிரிக்கா முதலிய இடங்களிலும் இதைப் பயிரிடுகிறார்கள். பலன் காணச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவ்வாறு வளர்த்த மரத்தை அடியிலேயே அழிப்பது பட்டைப்புண் நோய்.

அறிகுறிகள்: தரையை ஒட்டிய பட்டை கருத்து, உள்ளடங்கி, செம்பழுப்பு நிறப் பிசின் கசியும். பட்டையைச் சீவினால் உள்ளே பழுப்பேறியிருக்கும். இலைகள் வெளிறி உதிரும். புண் அடிமரத்தைச் சுற்றி வளைத்துவிட்டால், இலைகளில் உண்டாகும் உணவு வேருக்குச் செல்ல வழியின்றி மரம் பட்டுப்போகும்.

காரணம்: பைட்டாப்தோரா சின்னமோமை என்னும் நுண்ணுயிரி. 1922-ல் சுமத்ராவின் இலவங்க மரங்களில் இதைக் கண்டு விவரித்தவர் ராண்ட்ஸ். நூலிழை போன்ற உடலால் பூஞ்சையைப் போலத் தோன்றினாலும் இது உண்மைப் பூஞ்சையன்று. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் உண்டு. இதன் செல்சுவரிலோ செல்லுலோஸ். இனமுறையில் இது பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கியது. இதன் வித்துக்கள் இரண்டு கசையிழைகளால் ஈரமண்ணில் நீந்திச் சென்று வேரையும் பட்டைக் காயங்களையும் தாக்குகின்றன.

இந்த வேறுபாட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். எர்கோஸ்டெரால் உண்டாவதைத் தடுத்துப் பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள் சில உண்டு. அப்பொருளைத் தானே தயாரிக்காத பைட்டாப்தோராவிடம் அவை பலிப்பதில்லை. எதிரியை அறியாமல் தெளித்தால் பணமும் போகும், மரமும் போகும்.

தடுப்பு முறைகள்:
1. தண்ணீர் தேங்காதவாறு வடிகால் அமைத்தல்.
2. களை வெட்டும்போது அடிமரத்தில் காயம் படாமல் காத்தல்.
3. மூடாக்கை அடிமரத்தோடு ஒட்டிக் குவிக்காதிருத்தல்.
4. புண்பட்ட பட்டையைச் செதுக்கி நீக்கித் தாமிர மருந்து பூசுதல்.
5. பாஸ்பனேட் மருந்தை அளவறிந்து இடுதல். இது மரத்தினுள் மேலும் கீழும் பரவுவதோடு, மரத்தின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது.

கிளைகளை உலரச் செய்யும் பாட்ரியோஸ்பேரியா இனங்களோ உண்மைப் பூஞ்சைகள். வறட்சியால் வாடிய மரத்தில் காயங்களின் வழியே அவை நுழைகின்றன. அங்கே பட்ட கிளையை வெட்டி அப்புறப்படுத்துவதே முதல் வேலை.

புண் ஒன்றுபோல் தோன்றினாலும் நோய் வேறு, மருந்தும் வேறு. உயிரினங்களை இனம் பிரித்தறியும் கல்வி தேர்வுத்தாளோடு முடிந்துவிடாமல், தோட்டத்து உழவருக்கும் துணை நிற்கட்டும்.